ஊவா மலையும் சாம்பற்சத்தும்



தமிழிலே 'உரம்' என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. வலிமை என்பது ஒன்று. பயிருக்கு இடும் எரு என்பது மற்றொன்று. மண்ணுக்கு வலிமை தருவது எதுவோ அதுவே உரம் என்று நம் முன்னோர் கண்டனர் போலும். அவ்வுரத்தின் ஒரு கூறாகிய சாம்பற்சத்தைப் பற்றி, அஃதாவது பொட்டாசு என்று நாம் வழங்கும் சத்தைப் பற்றி, ஊவா மாகாணத்துத் தோட்டங்களையும் காய்கறி நிலங்களையும் முன்வைத்துச் சில செய்திகளை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். கப்பலில் வரும் பொட்டாசு கிடைக்காதபோதோ, கிடைத்தும் அதன் விலை எட்டாதபோதோ, நம் மலைகளிலேயே அதற்கு மாற்று உண்டா? உண்டெனில் எவ்வளவு? எந்தப் பயிருக்கு எது பொருந்தும்? இவையே நாம் ஆராயவேண்டிய வினாக்கள்.

பயிர்கள் மண்ணிலிருந்து பெறும் சத்துக்களுள் தலையாயவை மூன்று. நைதரசன் இலையையும் தண்டையும் தழைக்கச் செய்வதால் தழைச்சத்து எனப்பட்டது. பொசுபரசு மணி பிடிக்க உதவுவதால் மணிச்சத்து எனப்பட்டது. மூன்றாவதாகிய பொட்டாசியம், செடிகொடிகளை எரித்த சாம்பலிலே மிகுதியாகக் காணப்படுவதால் சாம்பற்சத்து எனப்பட்டது. ஐரோப்பியரும் இதே வழியிற்றான் பெயரிட்டனர். விறகுச் சாம்பலை நீரிற் கரைத்து, தெளிந்த நீரைப் பானையிலிட்டுக் காய்ச்சி, எஞ்சிய உப்பைப் பானைச் சாம்பல் என்று அவர்கள் அழைத்தனர். பொட்டாசு என்ற சொல்லின் பொருள் அதுவே. 1807ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி, அதிலிருந்து பெற்ற காரப்பொருளில் மின்சாரத்தைச் செலுத்தி ஓர் உலோகத்தைப் பிரித்தெடுத்து, அதற்குப் பொட்டாசியம் என்று பெயர் வைத்தார்.

இந்தச் சத்து பயிருக்குச் செய்யும் உதவி யாது? இலையின் அடியிலுள்ள நுண்ணிய துளைகள் திறப்பதும் மூடுவதும் பொட்டாசியத்தைப் பொறுத்தே நடைபெறுகின்றன. வறட்சிக் காலத்தில் அத்துளைகள் உரிய வேளையில் மூடிக்கொண்டாற்றான் செடியின் நீர் வீணாகாது. இலையிலே உண்டாகும் மாச்சத்து வேருக்கும் தண்டுக்கும் கிழங்குக்கும் சென்று சேர்வதற்கும் இது வேண்டும். இச்சத்துக் குறைந்த தேயிலைச் செடியில் முதிர்ந்த இலைகளின் ஓரம் தீய்ந்து கருகும், இலைகள் உதிரும், கிளைகள் மெலியும், கவ்வாத்து வெட்டிய பின்னர் மீண்டும் துளிர்க்க இயலாமற் செடி சோர்ந்து நிற்கும்.

ஊவாவுக்கு இது தனிப்பட்ட முறையில் முக்கியமானது. ஆண்டின் நடுப்பகுதியிலே கச்சான் காற்று மலையிடுக்குகளினூடே வறண்டு வீசும்பொழுது, ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான நாட்களில், உலகத்தார் விரும்பும் ஊவாத் தேயிலையின் தனி மணம் உருவாகின்றது. மணத்தைத் தருவதும் அக்காற்றே. செடியை வாட்டுவதும் அக்காற்றே. பதுளை, பசறை, நமுனுகுல, மடுல்சீமை, ஹப்புத்தளை ஆகிய இடங்களிலுள்ள செடிகள் அவ்வாட்டத்தைத் தாங்கி நிற்பதற்குத் துணை செய்யும் சத்துக்களுள் சாம்பற்சத்து முதலிடம் பெறுவதாகும்.

இனி, மாற்று வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டிலே எவ்வாறு எழுந்தது என்பதை நினைவுபடுத்திக் கொள்வோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களையும் விவசாய இரசாயனங்களையும் இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. சேதன உரமே இனி நாடெங்கும் என்று அறிவிக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் வயல்களும் தோட்டங்களும் வாடின. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. இவற்றுக்கு இடையே, ஒக்டோபர் மாதத்தில், லித்துவேனியா நாட்டிலிருந்து 30,000 தொன் உரம் வந்திறங்கியது. சேதன உரம் என்று சொல்லப்பட்ட அச்சரக்கு பொட்டாசியம் குளோரைட்டேயாகும். தோட்டத்துக் களஞ்சியங்களில் ஆண்டாண்டு காலமாக அடுக்கி வைக்கப்பட்ட மூட்டைகளில் இருந்ததும் அதே பொருள்தான். பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை. பொட்டாசின்றி நாடு நடத்த இயலாது என்பதை அந்த ஒரு கப்பலே எடுத்துக்காட்டிற்று.

தடை நீங்கியதோடு இடர் நீங்கிற்றா என்றால், இல்லை. உலகிற் கிடைக்கும் பொட்டாசில் மூன்றில் இரண்டு பங்களவு கனடா, ரஷ்யா, பெலருஸ் ஆகிய மூன்று நாடுகளின் சுரங்கங்களிலிருந்து வருவதாகும். 2021இல் பெலருஸ் மீது மேலைநாடுகள் விதித்த தடைகளும், 2022 பெப்ரவரியில் மூண்ட உக்ரேன் போரும் உலகச் சந்தையில் அதன் விலையை ஏற்றின. அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நம் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது. இவ்வாறு பல துன்பங்கள் ஒன்றுகூடி வந்ததனால், 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவளவிற்கு இறங்கிற்று.

இது வெறும் புள்ளிவிவரமன்று. 2021 மார்ச் மாதத்திலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் வெளியாகியது. நெடுநாட் போராட்டத்தின் பயனாக வந்த அந்தத் தொகையை முழுமையாகப் பெறுவதற்கு, குறித்த அளவு கொழுந்து கூடையில் விழவேண்டியிருந்தது. உரமற்ற மலையிலே கொழுந்து எங்ஙனம் விழும்? முழுப்பேர் அரைப்பேராகும். செடியின் பசி கூடையிலே தெரியும். கூடையின் குறை அடுப்பங்கரையிலே தெரியும். ஆகவே சாம்பற்சத்து என்பது விவசாய அதிகாரிகளுக்கும் தோட்டத்துரைமார்க்கும் மாத்திரம் உரிய விடயமன்று. லயத்திலே வாழும் ஒவ்வொரு குடும்பத்தின் உணவோடும் பிள்ளைகளின் படிப்போடும் தொடர்புடையதாகும்.

பொட்டாசுக்கு மாற்றுத் தேடுவது உலகிலே இதுவே முதன்முறையன்று. ஜேர்மனி நாட்டின் ஸ்டாஸ்புர்ட் என்னுமிடத்திலே 1860களில் பொட்டாசு உப்பைத் தோண்டியெடுக்கத் தொடங்கினர். அதன்பின் ஐம்பதாண்டு காலம் உலகம் முழுவதும் அந்த நாட்டையே நம்பியிருந்தது. 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது. அமெரிக்காவிலே பொட்டாசின் விலை பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. அந்நாட்டார் கலிபோர்னியாக் கடற்கரையிலே கடற்பாசியை அறுத்து எரித்தனர். நெப்ராஸ்கா மாநிலத்து உவர் ஏரிகளின் நீரைக் காய்ச்சினர். சீமெந்து ஆலையின் புகைக்குழாய்த் தூசியையும் சேர்த்தனர். போர் முடிந்து ஜேர்மன் கப்பல்கள் மீண்டும் வந்தபோது, அவ்வாலைகளிற் பெரும்பாலானவை மூடப்பட்டன. நெருக்கடிக் காலத்திலே பிறந்த மாற்று வழிகள், நெருக்கடி தீர்ந்ததும் மறக்கப்படுகின்றன. நாமும் அவ்வாறு மறந்துவிடுகின்ற நிலையிலே இருக்கின்றோம் என்பதனாற்றான் இதனை எடுத்துச் சொல்கின்றேன்.

சரி, நம் மலையிலேயே பொட்டாசியம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஊவா மலைகளின் பாறைகளிலே களிக்கல் எனப்படும் பெல்ஸ்பார் கனிமமும், அபிரகம் எனப்படும் மைக்காவும் கலந்துள்ளன. கொஸ்லந்தைப் பகுதியிற் பெல்ஸ்பார் படிவும், ஹல்துமுல்லைப் பகுதியில் அபிரகப் படிவும் உள்ளன. தூய பொட்டாசியக் களிக்கல்லில் 100க்கு ஏறக்குறைய 17 பங்கு பொட்டாசு அடங்கியுள்ளது. ஆயினும், பூட்டிய பெட்டகத்தினுள் இருக்கும் பொன்னைப் போன்றது அது. சிலிக்காவின் பிணைப்பிலே அச்சத்து இறுகக் கட்டுண்டிருப்பதால், கல்லைத் தூளாக்கித் தூவினாலும் செடி அதனை உடனே பெறமுடியாது. அபிரகம் ஓரளவு எளிதில் இளகுவது. அதனை அமிலத்தாற் பதப்படுத்தி உரமாக்குவது பற்றி நம் நாட்டு ஆய்வாளர்கள் 1990களிலேயே ஆராய்ந்துள்ளனர். பொட்டாசின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் பிரேசில் நாடு, கற்றூளை மண்வளப் பொருளாக ஏற்றுக்கொள்ளும் சட்டமொன்றை 2013இல் இயற்றியது. எனவே இத்துறையிலே எதிர்காலம் உண்டு. ஆனால் அடுத்த போகத்துப் பயிருக்குக் கல்லை நம்பியிருக்க முடியாது.

பாறையிலே இருந்த சத்து மண்ணிலே ஏன் நிற்கவில்லை? எண்ணற்ற ஆண்டுகளாக மழையாற் கழுவப்பட்ட நம் மலைமண், சத்துக்களைப் பற்றிப்பிடிக்கும் ஆற்றல் குன்றிய களிமண் வகையைச் சேர்ந்தது. இட்ட பொட்டாசு வடகீழ்ப் பருவமழையிலே கரைந்து கான்வழியே ஓடிவிடும். மேல்மண் அரித்துச் செல்லப்பட்ட சரிவுகளிலோ நிலைமை இன்னும் மோசமானது. மண்ணிலே மக்கு எவ்வளவு மிகுதியாக உள்ளதோ அவ்வளவு சத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சேதன உரத்தின் பெருமை இங்கேதான் உள்ளது. அது தானே தரும் பொட்டாசு சிறிதாயினும், வேறு வழியால் வந்த பொட்டாசை ஓடவிடாமற் காக்கின்றது.

இப்பொழுது, பாடசாலையிலே கரும்பலகையில் எழுதிக் காட்டுவது போல, ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். உலர்ந்த தேயிலையில் 100க்கு ஏறத்தாழ 2 பங்கு பொட்டாசியம் இருக்கிறது. எனவே 1,000 கிலோ தேயிலை தோட்டத்தை விட்டுச் செல்லும்போது 20 கிலோ பொட்டாசியமும் உடன் செல்கின்றது. உரவியலார் கணக்கிடும் பொட்டாசு அளவிற் சொன்னால் 24 கிலோ. கடையில் விற்கும் பொட்டாசு உரத்தில் 100க்கு 60 பங்கு சத்து இருப்பதால், 40 கிலோ உரத்திலுள்ள சத்து அது. தேயிலைச் சாயத்தை வடிக்கும்போது இப்பொட்டாசியத்தின் பெரும்பகுதி நீரிலே கரைந்துவிடும். ஆகவே பாக்தாதிலும் மொஸ்கோவிலும் ஊவாத் தேநீர் அருந்துவோர், ஊவா மண்ணின் சாம்பற்சத்தையும் சேர்த்தே அருந்துகின்றனர். அது திரும்பி வருவதில்லை. இந்தச் செலவுப் பக்கத்தை மனத்திற்கொண்டு, வரவுப் பக்கத்திலே நாம் எதனை எழுதலாம் என்று பார்ப்போம்.

முதலில் எல்லாரும் சொல்வது சாம்பல். பெயரே சாம்பற்சத்து ஆயிற்றே! விறகுச் சாம்பலில் 100க்கு 5 பங்களவு பொட்டாசு இருக்கும். ஆனால் 100 கிலோ விறகை எரித்தால் ஒரு கிலோ அளவு சாம்பலே எஞ்சும். ஒரு கிலோ தேயிலையை உலர்த்த இரண்டு கிலோ விறகு செல்லும் என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். 1,000 கிலோ தேயிலைக்கு 2,000 கிலோ விறகு. அதிலிருந்து 20 கிலோ சாம்பல். அச்சாம்பலில் ஒரே ஒரு கிலோ பொட்டாசு. வெளியே சென்றதோ 24 கிலோ. ஆலையின் சாம்பல் முழுவதையும் திரட்டினாலும் தேயிலையின் பசிக்கு அது ஒரு கவளமே.

அதுவன்றி, வேறொரு தடையும் உண்டு. தேயிலை புளிப்பான மண்ணை விரும்பும் செடி. மண்ணின் புளிப்பை அளக்கும் அளவுகோலில் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடைப்பட்ட மண்ணே அதற்கு உகந்தது. சாம்பலோ காரமானது, புளிப்பை முறிப்பது. கென்யா நாட்டிலே, முன்னாளில் மக்கள் குடிசை கட்டி அடுப்பெரித்து வாழ்ந்த இடங்களிலே பின்னர் தேயிலை நட்டபோது, அந்த இடங்களில் மாத்திரம் செடிகள் மஞ்சளித்து நலிந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, ஆண்டாண்டாகச் சேர்ந்த சாம்பல் மண்ணின் புளிப்பைப் போக்கியிருந்தது தெரியவந்தது. சத்து மிகுந்திருந்தும் செடிக்கு அது நன்மை தரவில்லை. ஆதலின் சாம்பலைத் தேயிலை மலையிலே குவிப்பது தவறு.

அப்படியானால் சாம்பலை வீணே கொட்டிவிடலாமா? கூடாது. லயத்தைச் சூழ்ந்த வீட்டுத் தோட்டத்திலே போஞ்சிக்கும் கோவாவுக்கும் பீற்றூட்டுக்கும் வாழைக்கும் அது அருமருந்து. மிகுந்த புளிப்பேறிய காய்கறி நிலத்துக்கு அது சுண்ணாம்பின் வேலையையும் ஓரளவு செய்யும். உருளைக்கிழங்குக்கு மட்டும் அளவறிந்து இடவேண்டும். காரம் மிகுந்தால் கிழங்கின் தோலிலே சொறிநோய் தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாம்பலை மழையிலே நனையவிடலாகாது. ஒரு மழை பெய்தால் அதிலுள்ள பொட்டாசு கரைந்தோடிவிடும். எஞ்சுவது சாம்பற்சத்துக் குன்றிய சக்கையே. மூடியுள்ள ஒரு தகரத்திலே அதனைச் சேர்த்து வைத்தால் அச்சத்து முழுதும் நமக்குரியது. யூரியாவோடு சேர்த்துச் சாம்பலைக் கலத்தலும் ஆகாது. தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.

அடுத்ததாக மிலாறு. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளைகளிலும் இலைகளிலும், அத்தனை ஆண்டுகளாகச் செடி திரட்டிய பொட்டாசியத்தின் பெரும்பங்கு அடங்கியிருக்கின்றது. வெட்டிய மிலாறு அந்த மலையிலேயே கிடந்து மக்குமாயின், அச்சத்து வந்த இடத்திற்கே மீளும். மண்ணும் மழைக்கு அரிக்கப்படாது. இதனைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரும் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகின்றனர். ஆயினும், 2022இல் சமையல் எரிவாயு கிடையாமல் நகரத்தாரே விறகு தேடி அலைந்தபோது, லயத்து மக்கள் மிலாற்றை எடுத்துச் சென்றதைக் குற்றமென எவர் சொல்ல முடியும்? அடுப்பெரிய வழிசெய்யாமல் மிலாற்றைத் தொடாதே என்று கட்டளையிடுவது நியாயமாகாது. நடுவழி ஒன்று உண்டு. இலையும் நுனிக்குச்சியும் மலையிலேயே கிடக்கட்டும்; சத்து மிகுதியாக இருப்பது அவற்றிலேதான். தடித்த கட்டைகள் அடுப்புக்குச் செல்லட்டும். அவற்றின் சாம்பல் வீட்டுத் தோட்டத்துக்குச் செல்லட்டும். பயன்படாத ஓரங்களிலும் ஓடைக்கரைகளிலும் விறகு மரங்களை நடுவதற்குத் தோட்ட நிருவாகம் இடமளிக்கட்டும். மண்ணின் நலனும் மனிதரின் நலனும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாகப் பசுந்தழை. பதுளைக்குச் செல்லும் பாதைகளின் இருமருங்கிலும், வானமஞ்சள் நிறப் பூக்களோடு தழைத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியை நீங்கள் கண்டிருப்பீர்கள். சிங்கள மக்கள் அதனை வல் சூரியகாந்த என்பர். மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்த இச்செடியை நாம் களையென்றே எண்ணியிருக்கின்றோம். மேற்குக் கென்யாவிலே ஆராய்ந்தவர்கள் அதன் உலர்ந்த இலையில் 100க்கு மூன்றரைப் பங்கு நைதரசனும், நான்கு பங்கு பொட்டாசியமும் இருப்பதாகக் கண்டனர். நம் கணக்கின்படி, 1,000 கிலோ தேயிலை எடுத்துச்சென்ற பொட்டாசை ஏறக்குறைய இரண்டரைத் தொன் பச்சைத் தழை ஈடுசெய்யும். அத்தழை மென்மையானது, இரண்டொரு வாரங்களில் அழுகி மண்ணோடு மண்ணாகிவிடும், தேயிலை மண்ணின் புளிப்பையும் சாம்பலைப் போல முறிப்பதில்லை. பூத்து விதை விழுவதற்கு முன்னரே வெட்டிப் பயன்படுத்துவது நன்று.

தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசினர் ஏற்றுக்கொண்ட கிளிரிசிடியாவும், பழைய தோட்டங்களிலே நிழலுக்காக நட்ட முள்முருங்கையும் இத்தகைய பயனுடையனவே. வயதான தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுநடுகை செய்யுமுன், மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வளர்த்து, அதனை வெட்டி அந்நிலத்திலேயே பரப்புவது ஆராய்ச்சி நிலையத்தாரின் விதி. ஆழத்திலே இறங்கிய சத்தை இப்புற்களின் வேர்கள் மேலே கொணர்ந்து தருகின்றன. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பசுந்தழை பொட்டாசியத்தைப் படைப்பதில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுவருகின்றது. பாதையோரத்துச் செடியை ஆண்டு முழுவதும் அறுத்துக்கொண்டே இருந்தால், அந்த இடமும் ஒருநாள் வறிதாகும்.

நான்காவதாக மாட்டுக்கொட்டில். தோட்டங்களிலே பல குடும்பங்கள் பசு வளர்க்கின்றன. சாணத்தைச் சேர்த்து வைக்கும் நாம் கோமியத்தை ஓடவிட்டுவிடுகின்றோம். மாடு வெளியேற்றும் பொட்டாசியத்தின் பெரும்பகுதி கோமியத்திலேயே உள்ளது என்பதைப் பலர் அறியார். கொட்டிலின் தரையிலே வைக்கோலையோ மானாப் புல்லையோ பரப்பி வைத்தால், அது கோமியத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்படுக்கையை அள்ளிக் கூட்டெருக் குவியலில் இடலாம். அக்குவியலுக்கு மேலே ஒரு கூரை வேண்டும்; பழைய தகரமோ வாழையிலையோ எதுவாயினும் போதும். ஏனெனில் தழைச்சத்தைப் போலப் பொட்டாசியம் பொருளோடு பிணைந்திருப்பதன்று; மழைநீர் பட்டவுடன் கரைந்து வடிந்துவிடும். கூரையற்ற கூட்டெருவை ஓராண்டு கழித்து எடுத்தால், பார்வைக்குக் கறுத்துப் பொலியும். சாம்பற்சத்தோ அதிலே குறைந்தே காணப்படும்.

பதுளை மாவட்டத்தின் மறுகோடியாகிய மகியங்கனையிலும், வெலிமடைப் பள்ளத்தாக்கிலும் நெல் விளைகின்றது. நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகின்றது. ஒரு தொன் வைக்கோலில் 30 கிலோ பொட்டாசு உரத்திலுள்ள சத்து இருக்கும். வைக்கோலைக் களத்துமேட்டில் எரித்துவிடுவது பணத்தை எரிப்பதற்கு ஒப்பாகும். வயலுக்கே அதனைத் திருப்பித் தந்துவிட்டு, மிகுதியைக் காய்கறிப் பாத்திகளில் மூடாக்காக இடலாம்.

மொனராகலை மாவட்டத்திலோ பெல்வத்தை, செவனகலை ஆகிய இரண்டு சீனி ஆலைகள் உள்ளன. கரும்பு மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியம் சீனியிலே சேர்வதில்லை. வெல்லப்பாகுக் கழிவிலே தங்கி, அதிலிருந்து மதுசாரம் வடித்தபின் எஞ்சும் கறுத்த நீரிலே திரள்கின்றது. அந்நீரை ஆற்றிலே விட்டால் நஞ்சு; காய்ச்சி எரித்துத் தூளாக்கினால் உரம். இந்திய அரசு 2021 ஒக்டோபர் மாதத்திலே, வெல்லப்பாகிலிருந்து பெறும் இத்தகைய பொட்டாசையும் உர மானியத் திட்டத்திற் சேர்த்துக்கொண்டது. அங்கே நடப்பது ஊவாவிலே நடைபெற இயலாததன்று. நாட்டுக்குள்ளேயே, அதுவும் நம் மாகாணத்துக்குள்ளேயே கிடைக்கக்கூடிய பொட்டாசு ஊற்று ஒன்று உண்டெனில் அது இதுவேயாகும். இதனை ஆராய்ந்து செயற்படுத்துவது தனிமனிதரால் இயலாது. அரசும் ஆலையும் ஆராய்ச்சி நிலையமும் ஒன்றுசேர வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்ட பின்னர், அப்படியானால் மூட்டைப் பொட்டாசே வேண்டாமா என்று ஒருவர் வினவலாம். வேண்டாம் என்று சொல்வதற்குக் கணக்கு இடந்தரவில்லை. நல்ல கூட்டெருவிலும் 100க்கு ஒரு பங்குக்குக் குறைவான பொட்டாசே பெரும்பாலும் இருக்கும். ஒரு ஹெக்டேயரில் 1,500 கிலோ தேயிலை எடுக்கும் மலைக்கு, சாம்பற்சத்தை மாத்திரம் ஈடுசெய்யவே நான்கு முதல் ஏழு தொன் கூட்டெரு ஆண்டுதோறும் வேண்டும். தழைச்சத்துக்கோ அதனினும் மிகுதியாக வேண்டும். அத்தனை எருவையும் செங்குத்தான மலையிலே யார் சுமந்து ஏற்றுவது? ஹப்புத்தளையை அடுத்த இதல்கஸ்ஹின்னையிலே 1980களின் இறுதியிலிருந்து சேதன முறையிலே தேயிலை வளர்க்கின்றனர். அவர்கள் பல ஆண்டுகள் பொறுத்து, மண்ணைப் பண்படுத்தி, அத்தேயிலைக்கு உயர்ந்த விலை கொடுக்கும் சந்தையைத் தேடிக்கொண்டு அதனைச் செய்தனர். ஒரு தோட்டம் பல்லாண்டுகளிற் கற்றுக்கொண்டதை ஒரு நாடு ஓரிரவிலே கற்கும் என்று எதிர்பார்த்ததே 2021ஆம் ஆண்டின் துன்பத்துக்கு வித்தாயிற்று.

ஆகவே, இரசாயன உரமா சேதன உரமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று வாதிடுவதை விடுத்து, எவ்வளவு வெளியே போகின்றது, எவ்வளவு திரும்பி வருகின்றது என்று கேட்கப் பழகுவோமாக. போவதிலே எதனைத் தடுக்கலாமோ அதனை முதலிலே தடுப்போம்: மிலாறு, கோமியம், வைக்கோல், மழையில் நனையும் சாம்பல், கானிலே ஓடும் மேல்மண். அடுத்து, அண்டையிலே கிடைப்பதைக் கொண்டுவருவோம்: காட்டுச் சூரியகாந்தி, கிளிரிசிடியா, மானாப் புல். எஞ்சிய குறைக்கு மாத்திரம் மூட்டையை நாடுவோம். அதனையும் கண்ணை மூடிக்கொண்டு இடாமல், பசறையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாக் கிளையிலோ, விவசாயத் திணைக்களத்தின் அலுவலரிடமோ மண்ணைச் சோதித்தறிந்து, பெருமழைக்கு முன்னர் ஒரேயடியாகக் கொட்டாமல், பல தடவைகளாகப் பகிர்ந்து இடுவோம். பத்து மூட்டை தேவைப்பட்ட இடத்திலே ஏழு மூட்டை போதுமாயின், கப்பல் தாமதிக்கும் ஆண்டிலே நம் செடி சாகாது, கூடையும் வெறுமையாகாது.

சிறு தோட்ட உடைமையாளர் இதனை நாளைக்கே தொடங்கலாம். பெருந்தோட்ட நிருவாகிகள், தழை வெட்டுவதையும் அதனை மலைக்குச் சுமப்பதையும் கூலியற்ற உபரிவேலையாக எண்ணாது, கொழுந்து பறித்தலைப் போன்றே பேர் போட வேண்டிய வேலையாக ஏற்கவேண்டும். பாடசாலைகள் தம் தோட்டங்களிலே இரண்டு பாத்திகளை அருகருகே அமைத்து, ஒன்றுக்கு மூடிவைத்த சாம்பலையும் மற்றொன்றுக்கு மழையில் நனைந்த சாம்பலையும் இட்டு, விளைவை மாணவர் தம் கண்ணாற் காணச் செய்யலாம். புத்தகத்திலே படித்தது மறக்கும். பாத்தியிலே கண்டது மறக்காது.

நெடுங்காலமாக இம்மலைகளின் சத்து, பெட்டிபெட்டியாகக் கடல்கடந்து செல்கின்றது. அதனைப் பறித்து அனுப்பும் கைகளே, மீள நிரப்பும் அறிவையும் பெறுமாயின் இம்மண் நம் பிள்ளைகளின் காலத்திலும் பயன் தரும். அவ்வறிவுக்குத் துணையாகவே இச்சிறு பேச்சு.